இந்த மாதப் பாடம்: ஈய நஞ்சிலிருந்து நம் பிள்ளைகளைக் காப்போம்



குழுக் கூட்டத்தில் சேமிப்பு கட்டி, கடன் தவணை கட்டி, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தும் போட்டு முடித்த பிறகு நம் பேச்சு எங்கே போகும்? பிள்ளைகளைப் பற்றித்தான் போகும்.

"எம் பையனுக்கு நேத்துச் சொல்லிக் கொடுத்தது இன்னைக்கு ஞாபகம் இல்ல." "எம் பொண்ணு எப்பப் பார்த்தாலும் வயித்து வலிங்குது, சோறு எறங்க மாட்டேங்குது." "சின்னது சுவத்தைச் சுரண்டித் தின்னுது, அடிச்சாலும் விட மாட்டேங்குது."

இப்படிப்பட்ட பேச்சு எல்லாக் குழுவிலும் உண்டு. உடனே நாம் ஆளுக்கொரு காரணம் சொல்வோம். பூச்சி இருக்கும், திருஷ்டி பட்டிருக்கும், அப்பன் கொடுக்கிற செல்லம், மந்த புத்தி என்போம். பூச்சியும் ரத்தசோகையும் பல நேரம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் நாம் யோசித்தே பார்க்காத இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் ஈயம். பிள்ளையின் உடம்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேரும் இந்த நஞ்சைப் பற்றித்தான் இந்த மாதம் படிக்கப் போகிறோம். ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டுக் கலந்து பேசுங்கள்.

எந்த ஈயம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் பேச்சில் இரண்டு உலோகங்களுக்கு 'ஈயம்' என்ற ஒரே பெயர் இருக்கிறது. ஒன்று வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவதும், ரசம் வைக்கிற ஈயச்சொம்பு செய்வதும் வெள்ளீயத்தில்தான். இன்னொன்று காரீயம். கறுத்த சாம்பல் நிறம், கையில் எடுத்தால் நல்ல கனம், தேய்த்தால் விரலில் கறுப்பாக ஒட்டும். வண்டி பேட்டரிக்குள் இருக்கும் தகடும், மீன் வலையில் கட்டும் குண்டும் காரீயம்தான். நஞ்சு என்று நாம் சொல்வது இந்தக் காரீயத்தை. இந்தப் பாடத்தில் இனி ஈயம் என்றால் காரீயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் எழுதும் பென்சிலில் ஈயம் கிடையாது. உள்ளே இருப்பது ஒரு வகைக் கரி. அதனால் பென்சில் முனையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

உடம்புக்குள் போய் என்ன செய்கிறது?

இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து போல நம் உடம்புக்குத் தேவையான உலோகங்கள் சில உண்டு. ஈயம் அப்படி இல்லை. அதனால் உடம்புக்கு ஒரு துளி நன்மையும் கிடையாது. ஆனால் உடம்பு ஏமாந்துபோய் அதைச் சுண்ணாம்புச்சத்து என்று நினைத்து உள்ளே சேர்த்துக்கொள்கிறது. ரத்தத்தில் கலந்த ஈயம் மூளைக்குப் போகிறது. எலும்பிலும் பல்லிலும் தங்குகிறது. ரத்தத்தில் இருப்பது ஒரு மாதத்தில் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். எலும்புக்குள் போனது பல பத்தாண்டுகள் அங்கேயே கிடக்கும்.

அதனால்தான் இது தாயோடும் முடிவதில்லை. சின்ன வயதில் நம் எலும்பில் சேர்ந்த ஈயம், நாம் கர்ப்பமாக இருக்கும்போது சுண்ணாம்புச்சத்தோடு சேர்ந்து கரைந்து ரத்தத்துக்கு வருகிறது. நஞ்சுக்கொடி வழியாக வயிற்றுப் பிள்ளைக்கும் போகிறது. கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை இவற்றுக்கு ஈயமும் ஒரு காரணமாகலாம்.

குழந்தையின் மூளை வளர்கிற காலத்தில் ஈயம் போனால் அறிவுத்திறன் குறையும். கவனம் நிலைக்காது. பேச்சும் காது கேட்பதும் பாதிக்கப்படலாம். கோபமும் படபடப்பும் கூடலாம். ரத்தம் ஊறுவது தடைப்பட்டு ரத்தசோகை வரும். அளவு மிக அதிகமானால் வாந்தி, வலிப்பு, நினைவிழப்பு, கடைசியில் உயிரே போகும்.

குறைந்த அளவில் வெளியே ஒன்றுமே தெரியாது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. காய்ச்சல் இல்லை, தடிப்பு இல்லை, பிள்ளை ஓடி விளையாடும். உள்ளே மூளை மட்டும் பாதிக்கப்பட்டிருக்கும். அப்படிப் பாதித்ததைப் பிறகு மருந்தால் முழுதாகச் சரிசெய்ய முடியாது. வராமல் தடுப்பது ஒன்றுதான் வழி.

"இவ்வளவு வரை ஈயம் இருந்தால் பரவாயில்லை" என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில், அதாவது 100 மில்லியில், 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்று 2021-இல் அந்த நிறுவனம் வழிகாட்டியது. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். அவ்வளவு சின்ன அளவே கெடுதல் செய்யப் போதும்.

இது வேறு எங்கோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். உலகத்தில் மூன்று பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்கு, ஏறக்குறைய 80 கோடிப் பேருக்கு, ரத்தத்தில் இந்த 5 என்ற அளவோ அதற்கு மேலோ ஈயம் இருப்பதாக யுனிசெப் 2020-இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. அதில் மிகப் பெரிய பங்கு இந்தியப் பிள்ளைகள். சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 பிள்ளைகளைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. அவர்கள் ரத்தத்தில் சராசரி ஈய அளவு 11-க்கும் மேல் இருந்தது. ஈயம் கூடிய பிள்ளைகளிடம் படபடப்பும் கவனக்குறைவும் கூடியிருந்ததை அந்த ஆய்வு கண்டது.

சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் அதிக ஆபத்து?

ஒரே வீடு, ஒரே தூசி. பெரியவர்களுக்கு ஆகாதது பிள்ளைக்கு ஏன் ஆகிறது? நான்கு காரணங்கள்.

1. தவழும் பிள்ளை தரையில் இருக்கிறது. கையில் கிடைத்ததை வாயில் வைக்கிறது. தூசியும் மண்ணும் கை வழியாக வயிற்றுக்குப் போகிறது.

2. ஒரே அளவு ஈயத்தை விழுங்கினாலும் பெரியவர்களின் உடம்பு ஏற்பதைப் போல 4, 5 மடங்கு பிள்ளையின் உடம்பு ஏற்கிறது.

3. மூளை வேகமாக வளர்கிற வயது அது.

4. ரத்தசோகை. இதைக் கொஞ்சம் நின்று கவனிப்போம். இரும்புச்சத்து குறைந்த பிள்ளைக்கு மண், சுவர், சாம்பல் தின்கிற ஆசை வருகிறது. அந்த மண்ணில் ஈயம் இருந்தால் உள்ளே போகிறது. இரும்புச்சத்து இல்லாத குடல் ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சுகிறது. உள்ளே போன ஈயம் ரத்தசோகையை மேலும் கூட்டுகிறது. செக்குமாடு மாதிரி இது சுற்றிக்கொண்டே இருக்கும். மண் தின்கிற பிள்ளையை அடித்துப் பயனில்லை. ரத்தசோகைக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

நம் வீட்டுக்குள் எப்படி வருகிறது?

முன்பு பெட்ரோலில் ஈயம் கலந்து விற்றார்கள். வண்டிப் புகை வழியாக ஊரெல்லாம் பரவியது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு அதை நிறுத்தினார்கள். அந்த வழி அடைபட்டது. மற்ற வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பழைய பேட்டரி: எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து இதுதான். லாரி, ஆட்டோ, டிராக்டர், வீட்டு இன்வெர்ட்டர் எல்லாவற்றிலும் ஈய பேட்டரி இருக்கிறது. கொல்லைப்புறத்தில் அதை உடைத்து, ஆசிட்டைக் கொட்டி, தகட்டை உருக்கிக் கட்டியாக்கி விற்கிறார்கள். புகையும் சாம்பலும் மண்ணில் படிகின்றன. ஈயம் மக்காது. வேலையை நிறுத்தி இருபது வருஷம் ஆனாலும் அந்த மண்ணில் அப்படியே இருக்கும்.

ஆப்பிரிக்காவில் செனகல் என்ற நாட்டின் தலைநகர் டக்கார். அதன் ஓரத்தில் தியாராய் என்ற ஊர். அங்கே பல வருஷமாகப் பழைய பேட்டரி உடைக்கும் தொழில் நடந்தது. ஈயத்துக்கு விலை ஏறியதும் ஊர் மக்கள் அந்த மண்ணையே தோண்டி, சலித்து, ஈயத் துணுக்குகளைப் பொறுக்கி விற்றார்கள். மூட்டைகளை வீட்டிலும் வைத்தார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச் வரையில் 18 சின்னஞ்சிறு பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். பிறகு வந்து பார்த்த உலக சுகாதார நிறுவனக் குழு, இறந்த பிள்ளைகளின் கூடப்பிறந்தவர்களையும் அக்கம்பக்கப் பிள்ளைகளையும் பரிசோதித்தது. 50 பிள்ளைகளின் ரத்தத்திலும் ஈயம் ஏறியிருந்தது. பிள்ளைகளுக்குச் சோறு போடத்தான் அந்தத் தாய்மார்களும் உழைத்தார்கள். அந்த மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பெயிண்ட்: மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு போன்ற பளிச் நிறங்களுக்காகவும், சீக்கிரம் காய்வதற்காகவும் பெயிண்டில் ஈயம் சேர்த்தார்கள். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விதி செய்தது. 2017 நவம்பரிலிருந்து அது அமலுக்கு வந்தது. ஆனால் அதற்கு முன்பு அடித்த பெயிண்ட் இன்னும் நம் கதவு, ஜன்னல், கிரில், இரும்புக் கட்டில், தொட்டில், அங்கன்வாடி கேட், ஊஞ்சல் இவற்றில் இருக்கலாம். உரிந்து விழும் சருகைப் பிள்ளை எடுத்து வாயில் போடும். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்ப்பதுதான் ரொம்ப மோசம். அந்தத் தூசி வீடு முழுக்கப் பறக்கும்.

மஞ்சள்: இதைக் கேட்டால் மனசு பகீர் என்கும். விரலி மஞ்சள் பளபளப்பாகத் தெரிய வேண்டும் என்று மெருகு ஏற்றும்போது லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைச் சிலர் பூசுகிறார்கள். அதில் ஈயம் இருக்கிறது. மஞ்சளில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கை நகரங்களில் மஞ்சள் வாங்கிச் சோதித்த ஆய்வு ஒன்று 2024-இல் வெளிவந்தது. பெரும்பாலான மஞ்சள் நல்லதாகவே இருந்தது. ஆனால் பாட்னா, கராச்சி, பெஷாவர் நகரங்களில் சில மாதிரிகளில் நூறு மடங்குக்கும் மேல் ஈயம் இருந்தது. குவாஹாட்டியிலும் சென்னையிலும் வாங்கியவற்றில் கூட வரம்பைத் தாண்டியவை இருந்தன.

இதற்கு வழியில்லாமல் இல்லை. வங்கதேசத்தில் கிராமத்துக் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் இருப்பதைக் கண்டு, அது மஞ்சளிலிருந்து வருகிறது என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அரசாங்கம் 2019-இல் இறங்கி, சந்தையில் சோதனை போட்டு, அபராதம் விதித்து, டி.வி.யிலும் நோட்டீசிலும் மக்களுக்குச் சொன்னது. 2019-இல் சந்தை மஞ்சளில் நூற்றுக்கு 47 மாதிரியில் ஈயம் இருந்தது. 2021-இல் ஒரு மாதிரியிலும் இல்லை. இரண்டே வருஷத்தில் இதைச் செய்ய முடிந்தது.

பாத்திரம்: வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் விலை குறைவு. அதனால் ஈயம் பூசும்போதும் ஈயச்சொம்பு வார்க்கும்போதும் காரீயம் கலக்கும் ஏமாற்று நடக்கலாம். கலந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ரசத்தில் புளி இருக்கிறது. புளிப்பு ஈயத்தைக் கரைக்கும். பழைய உலோகத்தை உருக்கி வார்த்த அலுமினியச் சட்டியிலும் இதே ஆபத்து உண்டு. அலுமினியம், பித்தளை, இண்டாலியம் ஆகியவற்றில் செய்து இறக்குமதியான சில பாத்திரங்களிலிருந்து சாப்பாட்டில் ஈயம் இறங்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்துத் துறை 2025-இல் எச்சரித்தது. பிள்ளை சாப்பிடும் புளிக்குழம்பு, ரசம், தக்காளி, மோர் இவற்றை எவர்சில்வர் பாத்திரத்திலோ, மெருகு பூசாத மண்சட்டியிலோ வைப்பது நல்லது.

மை, குங்குமம், மருந்துப் பொடி: கடையில் விற்கும் சில சுர்மா, கண் மை, செந்தூரம் ஆகியவற்றில் ஈயம் உண்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்யும் குங்குமம் வேறு, சாயம் கலந்த சிவப்புப் பொடி வேறு. பச்சைக் குழந்தைக்கு வைக்கும் மையும் பொட்டும் அதன் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். பெயர் ஒட்டாத பொடி, உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரம் எதையும் முறையாகப் படித்த சித்த மருத்துவரைக் கேட்காமல் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

மற்றவை: கடலோர ஊர்களில் வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பது, வயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பது, பழைய டி.வி., செல்போன் உடைப்பது, பற்றவைப்பது. புதிதாகப் போட்ட பிளாஸ்டிக் குழாயில் காலையில் முதலில் வரும் தண்ணீரைக் குடிக்காமல் பாத்திரம் கழுவப் பயன்படுத்துங்கள். எந்த உலோகம் என்று தெரியாத தாயத்தையோ மலிவான உலோகச் சங்கிலியையோ குழந்தை வாயில் வைத்துச் சப்ப விடாதீர்கள்.

குழுவில் ஒரு கடன் மனு

ஒரு குழுக் கூட்டத்தில் இப்படிப் பேச்சு வருவதாக வைத்துக்கொள்வோம்.

உறுப்பினர்: அக்கா, எனக்கு முப்பதாயிரம் கடன் வேணும். வீட்டுக்காரரு பழைய பேட்டரி வாங்கி நம்ம கொல்லையிலயே உருக்கி விக்கலாம்ங்கறாரு. டவுன்ல அந்தப் பட்டறையிலதான் வேலை செய்யறாரு, தொழில் தெரியும்.

ஊக்குநர்: வீட்டுல சின்னப் பிள்ளை இருக்குல்ல?

உறுப்பினர்: ரெண்டு இருக்கு. பெரியவனுக்கு நாலு, சின்னதுக்கு ஒண்ணேகால். அதுங்களை அந்தப் பக்கம் விட மாட்டேன் அக்கா.

இன்னொரு உறுப்பினர்: நீ விட மாட்ட. காத்து கேக்குமா? மாடு மேயுற இடம், துணி காயுற இடம், எல்லாத்துலயும்தான் சாம்பல் விழும். எங்க வீடும் பக்கத்துலதான் இருக்கு.

உறுப்பினர்: அப்ப நாங்க என்னதான் பண்றது? பட்டறைச் சம்பளம் வாய்க்கும் வயித்துக்கும் பத்தல. நீங்க வேண்டாம்னா கந்துவட்டிக்குத்தான் போகணும்.

ஊக்குநர்: அவசரப்படாத தங்கச்சி. உருக்குறதுக்கு நாம பணம் தர முடியாது. ஆனா உன்னைக் கந்துவட்டிக்கு விட்டுடவும் மாட்டோம். பேட்டரியை உடைக்காம முழுசா வாங்கி, பதிவு பெற்ற நிறுவனத்துக்கு ஒப்படைக்கிற வேலை கிடைக்குமான்னு விசாரிப்போம். இல்லன்னா கறவை மாட்டுக்கோ கடைக்கோ எழுதிக் கொண்டா. அதுக்குக் கடன் தர்றோம். இப்போதைக்கு ஒண்ணு பண்ணு. அவரு பட்டறையிலிருந்து வந்ததும் பிள்ளையைத் தூக்கறதுக்கு முன்னாடி குளிக்கச் சொல்லு.

இந்த மனுவுக்கு உங்கள் குழு என்ன முடிவு எடுக்கும்? யோசித்துப் பாருங்கள். கடன் மனு வரும்போது 'திருப்பிக் கட்டுவாங்களா' என்று கேட்கிறோம். 'இந்தத் தொழில் யார் பிள்ளையையாவது பாதிக்குமா' என்றும் கேட்க வேண்டிய காலம் இது. வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. மாற்று வழியும் குழு காட்ட வேண்டும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

* சாப்பிடும் முன், தூங்கும் முன், மண்ணில் விளையாடிய பின் பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விளையாட்டுச் சாமானையும் அடிக்கடி கழுவுங்கள்.

* பெயிண்ட் உரிகிற வீட்டில் உலர்ந்த துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். துணியை அலசிய தண்ணீரைப் பிள்ளை விளையாடும் இடத்தில் ஊற்றாதீர்கள்.

* பழைய பெயிண்டைத் தேய்ப்பதானால் தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் வேலை முடிந்து துடைத்த பிறகு வரட்டும். புதுப் பெயிண்ட் வாங்கும்போது டப்பாவில் ஈய அளவு 90-க்கு மேல் இல்லை என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

* பேட்டரி, பெயிண்ட், பற்றவைப்பு, பழைய இரும்பு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்குள் வரும் முன் செருப்பை வெளியே விட்டு, குளித்து, துணி மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்கட்டும். அந்த வேலைத் துணியைப் பிள்ளைகள் துணியோடு ஊறவைக்காதீர்கள்.

* இன்வெர்ட்டர், வண்டி பேட்டரி பழசானால் புதிது வாங்கும் கடையிலேயே கொடுங்கள். விலையில் கழித்துக்கொள்வார்கள்.

* மஞ்சளை விரலியாக வாங்கி, நன்றாகக் கழுவிக் காயவைத்து, மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். மெருகு ஏற்றாத, கொஞ்சம் மங்கலான மஞ்சளே மேல். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விரலி மஞ்சளைப் போட்டுப் பாருங்கள். உடனே பளிச்சென்று மஞ்சள் சாயம் இறங்கினால் சந்தேகப்பட வேண்டும். உறுதியாகச் சொல்வது ஆய்வுக்கூடம்தான். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம்.

சாப்பாடும் ஒரு காவல்

வெறும் வயிற்றில் ஈயம் அதிகமாக ஏறும். அதனால் பிள்ளையைக் காலையில் பட்டினியாக விடாதீர்கள். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் போதுமான அளவு இருந்தால் ஈயத்துக்கு உள்ளே இடம் குறையும். கேழ்வரகுக் கூழ், களி, அடை, பால், மோர், முட்டை, முருங்கைக்கீரை, சுண்டல், எள்ளுருண்டை, கடலைமிட்டாய், கருவாடு, சின்ன மீன் எல்லாம் நம் கைக்கு எட்டுகிறவைதான். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாகப் பிடிக்கும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவைப் பிள்ளைக்கே கொடுங்கள். இரும்புச்சத்து மருந்தும் பூச்சி மாத்திரையும் கொடுக்கும் நாளில் தவறாமல் அழைத்துப் போங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. சாப்பாடு ஈயத்தைத் தடுக்க உதவுமே தவிர, உள்ளே போனதைக் கழுவி வெளியே எடுக்காது. ஈயம் வரும் வழியை அடைப்பதுதான் முதல் வேலை.

எப்படித் தெரிந்துகொள்வது?

ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் பரிசோதனை ஒன்றுதான் வழி. ரத்தசோகைக்குப் பார்க்கும் சாதாரணப் பரிசோதனையில் இது தெரியாது. பெரிய ஆய்வுக்கூடங்களில் இந்தப் பரிசோதனை செய்கிறார்கள். எங்கே செய்யலாம் என்று அரசு மருத்துவமனைக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

எந்தப் பிள்ளைக்கு அவசியம் கேட்க வேண்டும்? வீட்டிலோ பக்கத்திலோ பேட்டரி, ஈயம் உருக்கும் வேலை இருந்தால். மண், சுவர், பெயிண்ட் தின்கிற பழக்கம் இருந்தால். மருந்து கொடுத்தும் ரத்தசோகை தீராவிட்டால். காரணம் தெரியாமல் வயிற்றுவலி, மலச்சிக்கல் தொடர்ந்தால். பேச்சிலும் படிப்பிலும் பின்தங்கினால். டாக்டர் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும்: "ஐயா, எங்க வீட்டுக்காரரு பேட்டரி வேலை பாக்கறாரு" என்று. அந்த ஒரு வார்த்தை டாக்டருக்குப் பெரிய துப்பு.

அளவு 45-க்கு மேல் போனால் ஈயத்தை வெளியேற்றும் மருந்தை டாக்டர் பார்வையில் கொடுப்பார்கள். அதற்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் ஈயம் வரும் வழியை நிறுத்துவதும் சத்துணவும்தான் வைத்தியம். மருந்து கொடுத்துவிட்டுப் பிள்ளையை அதே புகைக்குள் கொண்டுவந்து விட்டால் அளவு மறுபடி ஏறிவிடும். வலிப்பு, விடாத வாந்தி, மயக்கம் வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

குழுத் தொழில் செய்வோர் கவனத்துக்கு

நம் கூட்டமைப்பில் மசாலாப் பொடி, மஞ்சள்தூள், குங்குமம், பொம்மை, மண்பாண்டம் செய்து விற்கும் குழுக்கள் உண்டு. நம் பொருளை வாங்குகிறவள் 'மகளிர் குழுப் பொருள், கலப்படம் இருக்காது' என்று நம்பித்தான் வாங்குகிறாள். அந்த நம்பிக்கைதான் நம் முதலீடு. மெருகு ஏற்றாத மஞ்சளையே கொள்முதல் செய்வோம். 'கொஞ்சம் பளிச்னு இருந்தா நல்லா ஓடும்' என்று யார் சொன்னாலும் சாயப்பொடியைத் தொட மாட்டோம். பொம்மைக்கும் பானைக்கும் அடிக்கும் வண்ணத்தில் ஈயம் இல்லை என்று எழுத்தில் கேட்டு வாங்குவோம். வருஷத்துக்கு ஒரு முறையாவது மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, சான்றிதழைக் கடையில் மாட்டி வைப்போம். அதைப் பார்த்து வாங்குகிறவர்களும் வருவார்கள்.

தீர்மானப் புத்தகத்தில் எழுத ஒரு மாதிரி

"நம் குழு உறுப்பினர் வீடுகளில் பேட்டரி உடைப்பதற்கும் ஈயம் உருக்குவதற்கும் குழுக் கடன் வழங்குவதில்லை என்றும், அந்தத் தொழிலை விட முன்வரும் குடும்பத்துக்கு மாற்றுத் தொழில் கடனில் முன்னுரிமை தருவது என்றும், நம் ஊர் அங்கன்வாடியில் பெயிண்ட் உரிந்திருக்கும் கேட், ஜன்னல், விளையாட்டுச் சாமான்களைச் சரிசெய்ய ஊராட்சித் தலைவரிடம் மனு கொடுப்பது என்றும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்தில் உலக ஈய நஞ்சுத் தடுப்பு வாரம் வருகிறது. அந்த வாரத்துக்குள் ஊர் முழுக்க ஒரு சுற்று வந்து, எந்தத் தெருவில் என்ன ஆபத்து இருக்கிறது என்று பட்டியல் எடுத்து, கிராம சபையில் வையுங்கள்.

குழுவில் கலந்து பேச

1. வெள்ளீயத்துக்கும் காரீயத்துக்கும் என்ன வித்தியாசம்?

2. மண் தின்கிற பிள்ளைக்கு ஈய ஆபத்து ஏன் அதிகம்?

3. நம் ஊரில் ஈயம் உருக்கும் இடம் எங்காவது இருக்கிறதா? அதன் பக்கத்தில் எத்தனை சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்?

4. உங்கள் வீட்டில் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் உரிந்த பெயிண்ட் எங்கே இருக்கிறது?

5. கடன் மனு போட்ட அந்த உறுப்பினருக்கு உங்கள் குழு என்ன சொல்லும்?

இன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் தொட்டிலையும் ஜன்னல் கம்பியையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். கையில் பெயிண்ட் சருகு வந்தால் ஈரத்துணியை எடுங்கள்.